கிழக்குப் பார்த்த சுவர்

வீட்டுக்குச் சூடும் குளிரும் தரும் இயந்திரங்களுக்கு வயர் இழுக்கும் தொழிலில், வேலை சரியாக நடந்தால் யாரும் நம்மைத் திரும்ப அழைப்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். மின்பொறியியல் படித்தும் பொறியாளர் வேலை கிடைக்காமல், எலெக்ட்ரீசியன் குகன் அண்ணையிடம் சேர்ந்தேன். லைசென்ஸ் அவருடையது, கணக்கும் வரைபடமும் என்னுடையவை. டெலிபோன் அடித்தாலே ‘என்ன பிழை விட்டேனோ’ என்று யோசிக்கும் என் இனத்தவரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கிழக்கு எந்தப் பக்கம்?

1995 நவம்பர். மொன்றியலின் புறநகரான டொலார்டில் வீடு வாங்கிய வசந்தி அக்காவுக்கு நிறைமாதம். வீட்டைச் சூடாக்கும் பழைய எண்ணெய் ஃபர்னஸைக் கழற்றிவிட்டு மின்சார ஃபர்னஸும், கோடையில் குளிர்விக்கும் ஹீட் பம்பும் வைக்கக் கேட்டார்கள். பிள்ளை வரும்போது வீடு சூடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர்களுடைய நிபந்தனை.

போன முதல் நாளே அக்கா என்னிடம் கிழக்கு எந்தப் பக்கம் என்று விசாரித்தார். மொன்றியலில் தெருப்பலகை சொல்லும் கிழக்கு வேறு, சூரியன் சொல்லும் கிழக்கு வேறு. காரிலிருந்து திசைகாட்டியை எடுத்துவந்து, நடையில் கிழக்குப் பார்த்த சுவரைக் காட்டினேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அக்கா தன் கணவர் ரவி அண்ணையிடம் பெருமையாகச் சொன்னார்: “படிச்ச பிள்ளை எண்டால் இப்பிடித்தான். தெரு போர்டைப் பாத்துச் சொல்லேல்லை, கண்டீங்களோ?”

மூன்று தரம் அளந்தது

வீட்டின் சூட்டை அளந்து ஃபர்னஸை இயக்கி நிறுத்தும் தெர்மோஸ்டாட்டுக்கு இடம் குறிப்பது என் பொறுப்பு. வெயில் படக்கூடாது, வாசல் காற்று அடிக்கக்கூடாது, அடுப்படி பக்கத்தில் இருக்கக்கூடாது. எல்லாம் கழித்துப் பார்த்தபோது அந்த நடைச்சுவர்தான் மிஞ்சியது. வெறுஞ்சுவர். உயரத்தை மூன்று தரம் அளந்து பென்சிலால் புள்ளி வைத்தேன். துளையிடக் காத்துநின்ற குகன் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. “என்னடா தம்பி, சுவருக்குக் காற்சட்டை தைக்கப் போறியோ?”

இருபத்திரண்டு பாகை

வேலை முடிந்த அடுத்த வாரம், வெள்ளிக்கிழமை, ரவி அண்ணை அழைத்தார். பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. நாளைக் காலை தாயும் பிள்ளையும் வீட்டுக்கு வருகிறார்கள். ஆனால் படுக்கையறையில் ஸ்வெட்டர் போட்டும் நடுங்குகிறது, தெர்மோஸ்டாட்டோ இருபத்திரண்டு பாகை காட்டுகிறது.

ஓடினோம். பிரேக்கர் சரி, ஃபர்னஸ் சரி, வயர் சரி. பிறகு நடைக்கு வந்தேன். தெர்மோஸ்டாட்டுக்கு நேர்கீழே புதிதாக ஒரு தட்டு, அதில் சின்ன முருகன் படம், படத்துக்கு முன் எரிகிற விளக்கு. அந்தச் சூட்டில் வீடு முழுவதும் சூடாகிவிட்டது என்று நம்பி, தெர்மோஸ்டாட் ஃபர்னஸை நிறுத்திக்கொண்டிருந்தது. கிழக்கைக் காட்டியவனும் நான், தெர்மோஸ்டாட்டுக்குப் புள்ளி வைத்தவனும் நான்.

விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா என்று கேட்டேன். சண்டையில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட வசந்தி அக்காவின் தாய் தகப்பனிடமிருந்து இன்னும் கடிதம் வரவில்லையாம். வரும்வரை அணைக்கவோ அசைக்கவோ கூடாது என்று அவர் ஏற்றிய விளக்காம். ரவி அண்ணை கைகளைப் பிசைந்தார். “ஆஸ்பத்திரியில இருந்து ஒரு நாளைக்கு மூண்டு தரம் டெலிபோன் எடுத்து விளக்கு எரியுதோ எண்டுதான் கேக்கிறா. நான் சாப்பிட்டனோ எண்டு ஒருக்காலும் கேக்கேல்லை.”

கடைசி அறை

“வரைபடம் என்னுடையது அண்ணை, பிழையும் என்னுடையது” என்று குகன் அண்ணையிடம் சொன்னேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அவர் வயர்ச் சுருளை என் கையில் திணித்து, “ஏன்டா, உங்கட யூனிவர்சிட்டியில சாமித்தட்டுக்கு ஒரு பாடம் வைக்கேல்லையோ?” என்றார். வரவேற்பறையின் உட்சுவருக்குப் புது வயர் இழுத்துத் தெர்மோஸ்டாட்டை மாற்றினோம். விளக்கு இருந்த இடத்திலேயே எரிந்தது.

மறுநாள், யாரும் கூப்பிடாமலே, வெப்பமானியோடு போனேன். எல்லா அறையிலும் இருபத்தொன்று. வசந்தி அக்கா பிள்ளையின் போர்வையை விலக்கி ஒரு பாதத்தைத் தொட்டுப் பார்த்தார், சிரித்தார். பிறகு என்னைக் கடைசி அறைக்குக் கூட்டிப்போனார். அங்கே இரண்டு கட்டில்கள், மடிப்புக் கலையாத இரண்டு போர்வைகள். “இது அம்மா அப்பாக்கு, தம்பி. வெயிலில இருந்த வயசான ஆக்கள். இந்தச் சூடு காணுமோ?”

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் பிரேக்கர் பெட்டியைத் திறக்குமுன் சாமி எங்கே இருக்கப் போகிறார் என்று கேட்கிறேன். பிரெஞ்சுக்காரர் வீடுகளில் அவர்களும் விழிக்கிறார்கள், நானும் விழிக்கிறேன்.