நினைவு தப்பியவரிடம் பேசிய பெண்

குருபரப்பள்ளியில் பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, என் அக்கா வீட்டுக்காரர் பேசிக்கொண்டே சரிந்து விழுந்தார். மூச்சில்லை. ஃபேக்டரியில் சொல்லிக்கொடுத்தபடி அவர் நெஞ்சை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன். கூட நின்றவர்கள் 108-க்குப் போன் செய்ய, ஆம்புலன்ஸ் வந்தது.

அதிலிருந்து முதலுதவிப் பெட்டியோடு இறங்கிய பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். ஒல்லியான உடம்பு, நெற்றியில் விபூதிக் கீற்று.

"நிறுத்தாதீங்க, அழுத்துங்க. இவரு பேரு என்ன?"

"முனியப்பன்."

அதன்பிறகு அந்தப் பெண் பெரும்பாலும் மாமாவிடமே பேசினார். "முனியப்பண்ணா, நெஞ்சுல பட்டை ஒட்டறேன். இப்ப ஷாக் குடுக்கறேண்ணா." எங்களை விலகச் சொன்னார். உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. மறுபடி அழுத்தினேன். "கையில ஊசி போடறேண்ணா, சுருக்குனு இருக்கும்."

"அவருக்குக் கேக்குதுங்களா?" என்றேன்.

"தெரியலைங்க. ஒருவேளை கேட்டா, சொல்லாம செஞ்சுட்டாங்கன்னு அவரு நெனைக்கக் கூடாதில்ல."

இரண்டாவது ஷாக்குக்குப் பிறகும் அழுத்தினோம். பிறகு கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தவர், "நாடி வந்துருச்சுண்ணா" என்று முதலில் மாமாவிடம்தான் சொன்னார். அப்புறம்தான் எங்களைப் பார்த்தார்.

மாமா பிழைத்துவிட்டார், இப்போது வேலைக்கும் போகிறார். அன்று ஒரு குரலும் தனக்குக் கேட்கவில்லை என்கிறார். எனக்குக் கேட்டது. அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டே இருந்ததால்தான் என் கைகள் நடுங்காமல் அழுத்தின. அதை அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும் என்று அடிக்கடி நினைக்கிறேன். அவர் பெயரை நான் கேட்கவே இல்லை.