கீழ்த்தளத்திலிருந்து பிரதர் கில்மர்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து வடக்குப் பக்கத்தில் ஹோசியா கில்மரின் குரலைத் தெரியாதவர்கள் குறைவு. அந்தக் குரலில் நேருக்கு நேர் ஒரு முழு வாக்கியம் கேட்டறியாதவர் ஒருவர் உண்டென்றால், அது அவருடைய மனைவி வெர்டெல்தான்.

கில்மர் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓட்டுநரோடு பேசக் கூடாது என்று பேருந்தில் பலகை தொங்கும். பயணிகளுக்காக எழுதிய அந்தப் பலகையை அவர் தனக்கான வேதமாக எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பணி ஓய்வுக்குப் பிறகு, அத்தனை வருஷத்துப் பேச்சும் ஒரே வழியாக வெளியே வந்தது: வானொலி வழியாக.

காலையில் அந்தப் பகுதியின் சிறிய ஏ.எம். வானொலி நிலையம் நேயர்களுக்குத் தொலைபேசியைத் திறந்துவிட்டதும் கில்மர் கீழ்த்தளத்துக்கு இறங்கிவிடுவார். "சிஸ்டர் ஒடெஸ்ஸா, நான்தான் பிரதர் கில்மர், கீழ்த்தளத்துலேர்ந்து," என்று நிகழ்ச்சி நடத்துகிறவளிடம் தொடங்குவார். பனி அள்ளும் வண்டி எந்தெந்தத் தெருவை மறந்தது, பள்ளி வாரியத்தில் யாருக்கு முதுகெலும்பு இல்லை, சர்ச்சில் மீனைச் சோளமாவில் புரட்டாமல் மைதாவில் புரட்டிப் பொரித்த பாவம் யாருடையது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் தீர்ப்பு இருந்தது. மேலே சமையலறையில் வெர்டெல் கிரிட்ஸ் என்ற சோளக்கஞ்சியைக் கிண்டிக்கொண்டே கேட்பாள். வரவேற்பறைக்கு அவள் வாங்கிய புதுத் திரைச்சீலை அவருக்குப் பிடிக்கவில்லை என்ற செய்தி, ஊரோடு சேர்ந்துதான் அவளுக்கும் கிடைத்தது.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். அட்லாண்டா விஷயத்தில்தான் பொறுமை போயிற்று.

மகள் ரெனிட்டா அட்லாண்டாவில் வீடு வாங்கி, கீழே பெற்றோருக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருந்தாள். "வர்றீங்களா இல்லையான்னு ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்கம்மா. இல்லேன்னா வாடகைக்கு விட்டுடறேன்," என்றாள். வெர்டெலுக்கு முழங்கால் வலி. படிகளும் பனியும் பகை. சர்ச்சில் வெள்ளைக் கையுறையோடு வாசலில் நின்று வருகிறவர்களை உட்காரவைக்கும் பொறுப்பு அவளுடையது. அதை விடவும் மனமில்லை. போனாலும் சரி, இருந்தாலும் சரி. ஆனால் வாயே திறக்காத மனிதனுக்காகத் தான் ஒருத்தியாக முடிவு செய்துவிட்டு, பிறகு அது தப்பென்று வானொலியில் தெரிந்துகொள்ள அவள் தயாராக இல்லை.

"என்ன கில்மர், போறோமா?"

"பார்க்கலாம்."

மளிகைக்கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து கூடத்தில் அடுக்கிப் பார்த்தாள். கில்மர் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

சனிக்கிழமை காலை அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அவர் கீழே போனதும் சமையலறைக் கதவைச் சாத்தினாள். அழைப்பவர்கள் எப்போதும் மறக்கிற காரியமான வானொலியின் சத்தத்தைக் குறைப்பதைக்கூட மறக்கவில்லை. கைபேசியில் நிலையத்தைக் கூப்பிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"நான் கேப்பிடல் டிரைவ் பக்கத்துலேர்ந்து ஒரு சிஸ்டர் பேசறேன். பேர் வேண்டாம். பொண்ணு தெற்கே கூப்பிடறா. வீட்டுக்காரரைக் கேட்டா பதிலே இல்ல. வயசான காலத்துல போகலாமா, இங்கயே கிடக்கலாமா? உங்களுக்கு நிறைய ஆம்பளைங்க போன் பண்றாங்களே, யாராவது சொல்லட்டும்."

ஒடெஸ்ஸா காதைத் தீட்டிக்கொண்டாள். அழைப்பின் பின்னணியில் ஒரு கீச் கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டு, தொண்டை கட்டினாற்போல் இன்னொரு கீச். புகை வந்தால் அலற வேண்டிய கருவி, பேட்டரி தீர்ந்ததை அறிவிக்கும் சத்தம் அது. அந்தப் பக்கத்து வீடுகளில் அப்படி ஒன்று கீச்சிடுவது புதிதல்ல. வீட்டுக்காரர்கள் காதில் விழுவதுதான் அபூர்வம். ஆனால் தொண்டை கட்டிய அந்தக் கீச்சை ஒடெஸ்ஸா அக்டோபரிலிருந்து தினமும் வேறொருவரின் அழைப்பில் கேட்டு வருகிறாள்.

"லைன்லயே இருங்க சிஸ்டர்," என்றாள் பரமசாதுவாக. "இதோ ஒருத்தர் காத்திருக்கார். சொல்லுங்க, பிரதர் கில்மர்."

"அந்த கேப்பிடல் டிரைவ் அம்மாவுக்கு ஒரு வார்த்தை," என்றார் கில்மர். வெர்டெல் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "நம்ம கதையும் அதேதான். பொண்ணு தங்கம். ஆனா அவ தெருவுல எல்லாரும் கார் கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டுக் கையாட்டறாங்க. அங்க நான் சாகற வரைக்கும் விருந்தாளி. இங்க ரெண்டு நாள் நான் போன் பண்ணலேன்னா யாராவது கதவைத் தட்டி, உயிரோட இருக்கியான்னு கேப்பான்."

"அப்ப போக இஷ்டமில்ல," என்றாள் ஒடெஸ்ஸா.

"இல்ல. ஆனா என் வீட்டம்மாவுக்கு முழங்கால் ஓய்ஞ்சு போச்சு. பெட்டியெல்லாம் வேற அடுக்கிட்டா. போகணும்னு அவ மனசுல இருக்கறப்ப நான் எப்படி வேண்டாம்னு சொல்றது? அதான் வாயை மூடிக்கிட்டிருக்கேன்."

"அதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"உங்ககிட்டதானே சொல்லிக்கிட்டிருக்கேன்."

ஒடெஸ்ஸா இரண்டு அழைப்புகளையும் ஒன்றாகத் திறந்துவிட்டாள். கீச் என்ற சத்தம் இரட்டையாய்க் கேட்டது. வடக்குப் பக்கம் முழுவதும் கேட்டது. முடிதிருத்தும் கடைகளில் கத்தரி நின்றது.

"பிரதர் கில்மர், கேப்பிடல் டிரைவ் சிஸ்டர் உங்க சமையலறையில நிக்கறாங்க. போனை வெச்சுட்டு மேல போங்க."

வெர்டெல் மூக்கிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கை கைபேசியை அணைக்க மறந்தது. அதனால் படியேறும் காலடிகளும், கதவு திறப்பதும், அதன் பிறகு நிலவிய நீண்ட மௌனமும் ஊருக்கே கேட்டன. காற்றலையில் மௌனம் விட்டதற்காக ஒருவரை வேலையை விட்டே அனுப்பியவள் ஒடெஸ்ஸா. இப்போது அவளும் மூச்சுக் காட்டவில்லை.

முதலில் கேட்டது கில்மரின் குரல். "பேட்டரி எங்க?"

"பிரிட்ஜ் மேல. அக்டோபர்லேர்ந்து."

நாற்காலி இழுபடும் சத்தம்.

"அதுல ஏறாதய்யா, கால் ஆடுது. விழுந்தா உன்னையும் நான்தான் தூக்கணும், இந்த முழங்காலை வெச்சுக்கிட்டு."

"பிடிச்சுக்கோ."

"பிடிச்சிருக்கேன். போகணும்னு நான் எப்பய்யா சொன்னேன்?"

"பெட்டி அடுக்கினியே."

"நீ வாயைத் திறப்பேன்னு அடுக்கினேன்."

மூடி சொடுக்கும் ஓசை கேட்டது. அடுத்த கீச்சுக்காக ஊர் காத்திருந்தது. அது வரவில்லை.

"அப்படீன்னா இருக்காங்களா, போறாங்களா?" என்று அடுத்து அழைத்த ஒருவர் கேட்டார்.

"காலி பண்ணப்போற வீட்டுக்கு எந்த ஆம்பளையாவது பேட்டரி மாத்துவானா?" என்றாள் ஒடெஸ்ஸா. "விளம்பரத்துக்குப் பிறகு வானிலை."

வெர்டெல் அப்போதுதான் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். அதில் இன்னோர் அழைப்பு வந்துகொண்டிருந்தது. ரெனிட்டா.

"அம்மா, கேட்டேன். ரூமை வாடகைக்கு விட்டுடறேன்."

"எங்கேர்ந்துடி கேட்டே?"

"போன்லதான். இந்த நிலையம் இப்ப உலகம் பூரா வருது. அப்பா எப்படி இருக்கார்னு வேற எப்படித் தெரிஞ்சுக்கறதாம்?"

வெர்டெல் நாற்காலியைப் பிடித்தபடியே இதைக் கில்மரிடம் சொன்னாள். கில்மர் இன்னும் இறங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அட்லாண்டாவுலயும் வருதா?" என்று கேட்டார்.

"கில்மர்."

"சும்மா கேட்டேன்," என்று இறங்கினார். பெட்டிகளைத் தானே பிரித்து மடக்கினார். திரைச்சீலையைப் பற்றி அன்று முழுவதும் ஒன்றும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை சொன்னார், கீழ்த்தளத்திலிருந்து.