ஸ்டீரியோ மாப்பிள்ளை

எழுபதுகளில் வண்டிப்பெரியார் பக்கத்து எஸ்டேட் ஒன்றில், தேயிலை ஃபேக்டரியில் எனக்கு வேலை. வேலை விட்டால் மெல்லிசைக் குழுவில் எலெக்ட்ரிக் கிதார். இந்த இரண்டாவது சங்கதிதான் என் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றது. எனக்குப் பிடித்துப்போன பெண்ணின் அப்பா பக்கத்து டிவிஷனில் கங்காணி. "கூத்தாடிப் பயலுக்குப் பொண்ணா? மாரியம்மன் திருவிழாவுல அவன் ஆடுற ஆட்டத்தப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

விடுவேனா? வாசித்தே அந்த மனிதரை மயக்கிவிடுவது என்று, கிதாருக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி கேட்டு, டவுனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த சிநேகிதனிடம் போனேன். மோனோவா, ஸ்டீரியோவா என்று கேட்டான். மோனோ என்றால் இரண்டு பெட்டியும் ஒன்றையே சொல்லும். ஸ்டீரியோ என்றால் தடித்த மூன்று கம்பிகளின் சத்தம் ஒரு பெட்டியில், மெல்லிய மூன்றின் சத்தம் மற்றதில். "சொன்னதையே சொல்லதுக்கு எதுக்குடா ரெண்டு பெட்டி?" என்றான். இரண்டுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டேன். சொர்க்கம்தான். ஸ்டீரியோவே என்று சொல்லிவிட்டேன்.

திருவிழாவில் பெட்டிகளை மைதானத்தின் இரண்டு ஓரங்களிலும் வைத்தோம். நடுவில் கயிறு கட்டி, இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். மேடைக்கு நேர் எதிரே கோயில். ஆக, என் ஸ்டீரியோவை ஒழுங்காகக் கேட்டது அம்மன் ஒருத்திதான். மெட்டு முழுக்க மெல்லிய கம்பிகளில், பெண்கள் பக்கம் போய்விட்டது. ஆண்கள் பக்கம் எப்போதாவது ஒரு 'டொம்'. இதெல்லாம் மேடையில் நின்ற எனக்கு எங்கே தெரியும்? கச்சேரி முடிந்ததும் ஒருவர் வந்து, "ஏம்ப்பா, கிதாரு ரிப்பேரா?" என்று கேட்டார். அப்போதுதான் விஷயம் விளங்கியது. முன்வரிசையில் கங்காணி உட்கார்ந்து அதே 'டொம்'மைத்தான் கேட்டிருக்கிறார். போச்சு, எல்லாம் போச்சு என்று வீட்டில் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் சம்மதம் என்று ஆள் வந்தது. கங்காணி சொன்னாராம்: "அடக்கமான பையன். மத்தவனுவள வாசிக்க விட்டுட்டு, அப்பப்ப ஒரு தட்டு தட்டிட்டுச் செவனேன்னு நிக்கான்."

கல்யாணத்துக்குக் குழு வந்திருந்தது. தாலி கட்டியதும் கை சும்மா இருக்கவில்லை. கிதாரை வாங்கி வாசித்தேன். சிநேகிதன், பாவி, இந்த முறை மோனோ போட்டிருந்தான். இரண்டு பெட்டியும் சேர்ந்து அலறின. மாமனார் எழுந்து என்னிடம் வந்தார்.

"மாப்ளே, இம்புட்டும் நீங்களா வாசிக்கீக?"

"ஆமா மாமா."

மகளின் கழுத்திலிருந்த தாலியை ஒருமுறை பார்த்தார்.

"இத அன்னைக்கே வாசிச்சிருந்தா நான் தப்பிச்சிருப்பேனே" என்றார்.