மூன்று நட்சத்திர வயல்

விளையாட்டுகளுக்கு எழுதப்படும் விமர்சனங்களில், மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களை மட்டுமே நான் நம்புகிறேன். ஐந்து கொடுப்பவர்கள், கல்யாண வீட்டுக்காரரின் காதில் விழும்படி சோற்றைப் புகழ்பவர்கள். ஒன்று கொடுப்பவர்கள், எல்லோரும் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டில் தங்கள் பக்கம் இறைச்சி வரவில்லை என்று கையை எடுத்துக்கொண்டவர்கள். மூன்று கொடுத்தவரோ கடைசிவரை இருந்து தின்றவர். உப்புக் குறைந்ததையும் அவர் அறிவார். கை கழுவும்போது வயிறு நிறைந்திருந்ததையும் அறிவார்.

நான் பெரிய ஆட்டக்காரி அல்ல. பெண்கள் பாடசாலையொன்றில் தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்றவள். உலையில் அரிசி வேகும்வரை, வெட்டுப்பட்ட மின்சாரம் திரும்பி வரும்வரை, ஒரு புத்தகத்தை முடித்து அடுத்ததை எடுக்க மனம் வராத பொழுதுகளில், என் கணவரின் டெப்பை, அந்தத் தொடுதிரைப் பலகையை, வாங்கி விளையாடியிருக்கிறேன். அவர் கணித ஆசிரியர். விளையாட்டுகளைத் தேடி இறக்குவது அவர் வேலை. அவற்றின் விமர்சனங்களை வாசிப்பது என் வேலை. ஒரு விளையாட்டை நான் ஆடிய நேரத்தைவிட, அதைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை வாசித்த நேரமே அதிகமாக இருக்கும்.

கார் ஓட்டும் விளையாட்டுகள் எனக்குச் சரிவரவில்லை. நான் சந்திகளில் நிறுத்துவேன்.

"புள்ள, இது கல்முனைச் சந்தி இல்ல," என்று அவர் சிரிப்பார். "ஒருத்தரும் குறுக்க வரமாட்டாங்க. ஓட்டு."

"வந்தா?"

"வந்தா இடிச்சிட்டுப் போகலாம். அதுக்குத்தான் இந்த விளையாட்டு."

இடித்துவிட்டுப் போவதற்கு ஒரு விளையாட்டு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. டெப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பேய் விளையாட்டுகள் என்னைப் பயமுறுத்தியதில்லை. அவற்றில் கதவு கிரீச்சிட்டால் பின்னால் ஏதோ ஒன்று நிச்சயமாக வந்து நிற்கும். யுத்த காலத்தில் நாங்கள் இளவயதில் அறிந்த பயம் அப்படிப்பட்டதல்ல. அது வராது; வரும் என்று காத்திருக்க வைக்கும். விடிந்ததும் யாரும் வரவில்லை என்று தேநீர் ஊற்றுவோம். அந்தக் காத்திருப்பைச் செய்துகாட்டிய விளையாட்டு எதையும் நான் காணவில்லை.

சுடும் விளையாட்டு ஒன்றை அவர் ஒரு கிழமை வைத்திருந்தார். அதன் ஒலியை விமர்சகர்கள் எல்லோரும் புகழ்ந்திருந்தார்கள். அவர் விறாந்தையில் இருந்து விளையாடிக்கொண்டிருந்தபோது, குசினியில் நின்ற நான் மணலில் சப்பாத்துக் கால்கள் நடக்கும் சத்தம் கேட்டு, கையிலிருந்த பீங்கானை வைத்துவிட்டுப் போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தேன். விமர்சகர்கள் சொன்னது முற்றிலும் சரி என்று ஒப்புக்கொண்டேன். பிறகு அதை அழித்துவிடச் சொன்னேன். அவர் அப்போதே அழித்தார்.

இன்னொன்று, இயற்கை அழிவுகளிலிருந்து தப்பும் விளையாட்டு. அதை நாங்கள் இறக்கவுமில்லை, விமர்சனங்களைத்தான் வாசித்தேன். ஒருவர் ஒரேயொரு நட்சத்திரம் கொடுத்திருந்தார். அலை கறுப்பாக இருக்கிறது, சேறு மாதிரி வருகிறது, வரைந்தவர்கள் கடலையே பார்த்ததில்லை போலும் என்று எழுதியிருந்தார். கடற்கரையிலிருந்து எங்கள் வீடு அதிக தூரமில்லை. அந்த மார்கழிக் காலையில் வந்த கடல் கறுப்பாகத்தான் இருந்தது. நான் பதில் எழுதத் தொடங்கினேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். என் கணவர் என் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டு டெப்பை மெல்ல வாங்கினார்.

"விடு புள்ள. அவன் காணல்ல. காணாமலே இருக்கட்டும்."

விமர்சனத்தைப் பற்றி நான் கேட்ட நல்ல வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்தபின், வயலில் இறங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சம்மாந்துறைப் பக்கம் எங்களுக்கு இருந்த வயலைக் குத்தகைக்குக் கொடுத்தோம். அதன் பிறகுதான் அவர் விவசாய விளையாட்டு ஒன்றை இறக்கினார். சின்ன வரம்புகளும் மஞ்சள் வெயிலும் குருவிச் சத்தமுமாக, பிள்ளைகளுக்கென்று செய்தது போல இருந்தது. சோளம், தக்காளி, பூசணி என்று பலதும் அதில் நடலாம். அவர் நெல்லைத் தவிர வேறெதையும் நடவில்லை. அதையும் விளையாட்டுச் சொன்ன நேரத்தில் விதைக்கவில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் நிஜ வயல்களுக்கு விதைப்பு நாளும் தண்ணீர் திறக்கும் நாளும் தீர்மானித்து, குத்தகைக்காரர் போனில் வந்து சொல்ல வேண்டும். அதுவரை திரையில் அவர் நிலம் தரிசாகக் கிடக்கும். விளையாட்டில் நெல் இரண்டொரு நாளில் விளைந்துவிடும். ஆனால் நிஜ வயலில் அறுவடை தொடங்கும்வரை அவர் அதைத் தொடமாட்டார். முற்றிய நெல் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். மற்றவர்கள் அதற்குள் எத்தனையோ போகம் அறுத்து, காற்றாலையும் குதிரையும் வாங்கியிருப்பார்கள். எங்களிடம் ஒரு குடிசையும் ஒரு வாளியும் இருந்தன.

அந்த விளையாட்டுக்கு அவர் ஒரு விமர்சனம் எழுதினார், தமிழில். நான் பக்கத்திலிருந்து எழுத்துப் பிழை பார்த்தேன். "விளையாட்டு நல்லது. வெயில் அழகாக இருக்கிறது. ஆனால் வாய்க்காலில் யாருக்கு முதலில் தண்ணீர் என்று பார்க்க வட்டவிதானை இல்லை. தண்ணீருக்குச் சண்டை இல்லாதபடியால் இதை விவசாயம் என்று சொல்ல முடியாது. மூன்று நட்சத்திரம்." மறுநாள் நிறுவனத்திடமிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. உங்கள் அன்புக்கு நன்றி என்று இரண்டு இதயங்கள் போட்டிருந்தார்கள்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. திரையில் அறுத்த நெல்லுக்கும் அவர் ஏழைகளுக்குரிய பங்கான ஸகாத் கொடுத்தார். மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒரு பங்கு, நாமே தண்ணீர் இறைத்து விளைந்ததற்கு இருபதில் ஒரு பங்கு. வாளியைத் தொட்டுத் தொட்டு ஊற்றுவது எதில் சேரும் என்பது எங்கள் வீட்டில் தீராத வழக்கு.

"விரல் நோகுது. இருபதில ஒண்டுதான்," என்பார்.

"விரல் நோவுக்கெல்லாம் கழிவு இல்ல," என்பேன்.

கடைசியில் இருபது மூட்டைக்கு ஒரு மூட்டை, பக்கத்துப் பண்ணைக்கு அன்பளிப்பாகப் போகும். அந்தப் பண்ணைக்காரர் எந்த நாட்டவர், ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. வைக்கோல் தொப்பி போட்ட ஓர் உருவம். நெல் கிடைத்ததும் எங்கள் வேலிக்கு வந்து கை அசைத்துவிட்டுப் போகும். தனக்கு வருவது என்னவென்று ஒருநாளும் அறிந்திருக்காது.

சென்ற பெரும்போகத்துக்கு விதைத்தாயிற்று என்று குத்தகைக்காரர் சொன்ன அன்று அவரும் விதைத்தார். நெல் திரையில் முற்றி நின்ற நாட்களில், ஒரு காலையில், சுபஹுத் தொழுதுவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தவர் எழும்பவில்லை.

நான் இத்தா இருந்தேன். கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கும் அந்த நான்கு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வாசலைத் தாண்டுவதில்லை. அந்நிய ஆண்களோடு கதைப்பதில்லை. வந்து போகும் பெண்கள் அழுது, கதைத்து, பிறகு தங்கள் வீட்டு வேலைகளை நினைத்துப் புறப்பட்டார்கள். அவருடைய தங்கை மட்டும் தினமும் மாலையில், அஸர் தொழுகைக்குப் பின் வந்தாள். நானும் அவளும் ஒருவரையொருவர் மச்சி என்றுதான் அழைப்போம். நாக்குக் கூரியவள். அண்ணனை அவள் காக்கா என்பாள். அந்தக் காக்காவின் டெப் என் மடியில் இருப்பதை முதலில் கண்ட அன்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இத்தாவுல இருந்துகொண்டு மச்சி வயலுக்குப் போறாவாம்!"

"நான் எங்கயும் போகல்ல. பாத்துக்கொண்டு இருக்கன்."

"மறுகா அந்தா வேலியடியில நிக்கிறது ஆரு?"

தொப்பிக்காரர் வந்து கை அசைத்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்து வயல்."

"ஆம்புளையா?"

"தெரியா. தொப்பி போட்டிருக்கு."

"ஆம்புளைதான். இத்தாவுல இருக்கிற பொம்புளைக்குக் கை காட்டுறான், நீங்களும் பாத்துக்கொண்டு இருக்கீங்க. கேற்றைப் பூட்டுங்க கா!"

அவள் பாதி பகிடியாகவும் பாதி உண்மையாகவும் சொன்னாள். எந்த ஆலிமும் அப்படியொரு சட்டம் சொல்லியிருக்கமாட்டார். ஆனாலும் நான் பூட்டினேன். அந்த விளையாட்டில் படலையைப் பூட்டினால் அயலவர் வர முடியாது. நாமும் எதையும் அனுப்ப முடியாது. சட்டத்துக்காக நான் பூட்டவில்லை. எவரும் மகிழ்ச்சியாகக் கை அசைப்பதை அப்போது என்னால் பார்க்க முடியவில்லை.

நெல்லை நான் தொடவில்லை. தினமும் திறந்து பார்ப்பேன். அவருடைய விரல் விதைத்தது மஞ்சளாக நின்று அசையும். அதை விளையாடுவது என்று சொல்ல முடியாது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கென்று ஒரு வகை விளையாட்டு இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இருக்கிறதாம். அவற்றுக்கு விமர்சகர்கள் "சலிப்பு" என்று எழுதியிருந்தார்கள்.

தை மாதத்தில் ஓர் அறிவித்தல் வந்தது. சுற்றிலும் வண்ணத் தோரணங்கள். இத்தனை வருட மகிழ்ச்சிக்கு நன்றி, இந்த மாதத்தோடு விளையாட்டை மூடுகிறோம், அதன் பின் பண்ணைகள் எதுவும் இருக்காது. நான் அதை மச்சிக்குத் தமிழில் வாசித்தேன்.

"வயல் அறுப்பு எப்ப?" என்று கேட்டாள். நிஜ வயலைக் கேட்கிறாள் என்று விளங்கியது.

"அடுத்த மாசம் ஆகிடும்."

"அப்ப இத இப்பவே அறுக்க வேணும்."

"அவர் இருந்தா அறுத்திருக்கமாட்டார். பொறுத்திருப்பார்."

"பொறுத்திருந்தா வயலே இல்லையே கா."

அறுத்தால் அவர் கையால் விதைத்த கடைசிப் பயிர் முடிந்துவிடும், அதுவும் அவர் ஒருபோதும் சம்மதிக்காத நேரத்தில். அறுக்காமல் விட்டால் அது நின்றபடி நிற்கும், பிறகு நிலத்தோடு இல்லாமல் போகும். பல நாட்கள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வாழ்நாள் முழுதும் கதைகளின் முடிவுகளைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கேள்வி போட்டவள் நான். இரண்டு முடிவுகளில் எது பொருத்தமானது என்று எழுதச் சொல்வேன். இரண்டுமே பொருந்தாத கேள்வியை நான் ஒருநாளும் கொடுத்ததில்லை.

கடைசி நாள் அஸருக்குப் பின் மச்சி வந்தாள். வழமைபோல் பகிடி விடவில்லை. பாயில் என் பக்கத்தில் இருந்து, கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.

"விளைஞ்ச நெல்லுக்குப் பங்கு இருக்கு மச்சி," என்றாள் மெதுவாக. "காக்கா அத ஒரு நாளும் விட்டதில்ல. அறுக்காம எப்பிடிக் குடுக்கிற?"

நான் அறுத்தேன். விரலை ஒரு வரம்பிலிருந்து மறு வரம்புவரை இழுத்தால் போதும். நெல் மூட்டைகளாகிக் குதித்தது, மேளம் கொட்டியது, பொற்காசுகள் மழையாகக் கொட்டின. பிறகு ஒரு கேள்வி வந்தது: மீண்டும் விதைக்கவா? இரண்டு பொத்தான்கள், "இப்போது", "பிறகு". வேண்டாம் என்பதற்குப் பொத்தான் வைக்கவில்லை. நெடுநேரம் பார்த்திருந்துவிட்டுப் "பிறகு" என்பதைத் தொட்டேன்.

"மூட்டைய அனுப்புங்க," என்றாள் மச்சி.

"கேற் பூட்டியிருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"தாங்க, நான் திறக்கிறன். நான் இத்தா இல்லத்தானே."

அவளுடைய விரல் படலையைத் தொட்டது. அது திறந்தது. அந்தப் பக்கம் தொப்பிக்காரரின் பண்ணை முழுவதும் புல் மூடியிருந்தது. குடிசைக் கதவில் பலகை அறைந்திருந்தது. நெடுநாள் வராதவர்களின் பண்ணையை விளையாட்டு அப்படித்தான் காட்டும். அவர் எங்கள் பூட்டிய படலைக்கு எத்தனை முறை வந்து திரும்பினாரோ தெரியாது. அறிவித்தலைக் கண்டு போய்விட்டாரோ, வேறெதுவும் நேர்ந்ததோ, அதுவும் தெரியாது. மூட்டையை அவருடைய வேலியருகில் வைத்தேன். "பெறுபவர் ஏற்கும்வரை காத்திருக்கும்" என்று எழுத்துகள் தோன்றின. பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை நாங்கள் இருவரும் அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூட்டை அங்கேயே இருந்தது.

மறுநாள் தொட்டால் வெள்ளைத் திரை வந்தது. விமர்சனங்கள் இருந்த பக்கத்தையும் தேடினேன். விளையாட்டோடு அதையும் எடுத்துவிட்டார்கள். வட்டவிதானை இல்லை என்ற குறையும் மூன்று நட்சத்திரங்களும் போய்விட்டன.

நிஜ வயலில் அறுவடை முடிந்து குத்தகைக்காரர் எங்கள் பங்கு நெல்லைக் கொண்டுவந்து இறக்கியபோது நான் இன்னும் இத்தாவில் இருந்தேன். மச்சிதான் முற்றத்தில் நின்று மூட்டைகளை அடுக்குவித்தாள். ஸகாத்துக்குரியதைப் புறம்பாக வைக்கச் சொல்லி நான் உள்ளிருந்து குரல் கொடுத்தேன். வேலை முடிந்து கூலியாட்கள் போனபின், அவள் அறைவாசலுக்கு வந்து நின்றாள். தலையில் உமி ஒட்டியிருந்தது.

"மறுகா, அந்தத் தொப்பிக்காரன்ட பங்கு?"

பகிடியா என்று முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை.

"அத வேலியில வெச்சாச்சே, மச்சி."

"எடுத்தானா?"

"தெரியா."

அவள் முற்றத்துக்குப் போய், புறம்பாக வைத்த மூட்டையின் வாயைப் பிரித்து, எங்கள் நெல்லிலிருந்து இரண்டு கை அள்ளி அதற்குள் போட்டுவிட்டு, மறுபடியும் இறுக்கிக் கட்டினாள்.