சக்கரத்துக்குப் பட்ட தீட்டு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆனால் அது வந்தே ஆக வேண்டிய நாட்களில் மட்டும், வெட்கம் முந்திக்கொண்டு வந்து வாயை அடைத்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில், பதுளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மருமகளாகப் போனேன். என் வீட்டுக்காரரின் அண்ணன் தோட்டத்து வண்டிக்கு டிரைவர். அவரை மாமா என்று கூப்பிடுவேன். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அது. மழை பெய்தால் எங்கள் ரோட்டில் வேறெதுவும் ஏறாது. உரமூட்டை வருவதும் அதில்தான், நோயாளி போவதும் அதில்தான்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு மாமா சக்கரங்களைக் கழற்றி வெள்ளிப் பெயிண்ட் அடித்தார். வெளியே மட்டுமா? உள்பக்கம், நட்டு வந்து உட்காருகிற குழி, ஓர் இடம் பாக்கியில்லை. தடிப்பாக அடித்து, சரியாகக் காயும் முன்பே மாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஓட்டினார். வரிசை வீடுகளான எங்கள் லயமே வாசலில் நின்று பார்த்தது.

பூசை முடிந்த கையோடு எனக்கு உதிரப்போக்கு. நிற்கவே இல்லை. டிஸ்பென்சரியில் பதுளை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். இன்னும் சில பேரோடு வண்டியில் ஏறினேன். பாதி வழியில் பின்சக்கரம் ஆடியது, அப்புறம் படாரென்று ஒரு சத்தம். சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்டட் ஆணிகளில் இரண்டு முறிந்து, வண்டி மண்மேட்டில் சாய்ந்து நின்றது. யாருக்கும் அடியில்லை. இறங்கியதும் எல்லார் கண்ணும் என் சேலைக்குத்தான் வந்தது.

"பூச போட்ட வண்டி. இந்த நேரத்துல இவ ஏறலாமா? சாமி பொறுக்குமா?" என்றாள் பக்கத்து லயத்துக்காரி.

மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. நானும் அதை நம்பினேன். வேறு வண்டி பிடித்து என்னை அனுப்பி வைத்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, பேசாமல் நடந்தே வந்திருக்கலாமே என்று அழுதேன். நடந்திருந்தால் செத்திருப்பேன். அந்த யோசனைகூட அப்போது வரவில்லை.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்று வீட்டுக்காரரோடு மாமாவும் வந்தார். டவுனில் புது ஸ்டட் வாங்க வேண்டுமாம். பார்ட்ஸ் கடைக்குள் இருவரும் போனார்கள். நான் வெளியே படியோரம் நின்றுகொண்டேன். புது ஆணிக்கும் என்னால் ஏதாவது ஆகிவிட்டால்?

கடைக்கார முஸ்லிம் நானா, மாமா கொண்டுவந்த முறிந்த துண்டை வாங்கி, பெட்டி பெட்டியாக எடுத்து வைத்தார். ஒன்று நீளம் பத்தவில்லை. ஒன்றில் நட்டு பாதியில் இறுகிக்கொண்டது. கடைசியில் ஒன்றில் நட்டு விரலாலேயே அடிவரை ஓடியது. அதன் பின்பக்கத்துப் பல்லைப் பழைய துண்டோடு ஒட்டவைத்துப் பார்த்தார்.

"இதுதான் சரி. ரெண்டு மட்டும் போடாதீங்க தம்பி, அந்தச் சக்கரத்துல மிச்சதும் இழுபட்டு ஈக்கும். எல்லாத்தையும் மாத்துங்க," என்றார். பிறகு பழைய நட்டை நகத்தால் சுரண்டினார். வெள்ளிப் பெயிண்ட் செதில் செதிலாக வந்தது. "இந்த எடத்துலயா பெயிண்ட் அடிச்சீங்க? பெயிண்ட் நசுங்கி உதிர்ந்தா நட்டு லூசாகும். லூசா ஓடினா ஸ்டட் முறியாம என்ன செய்யும்?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு வெளியே நன்றாகவே கேட்டது. அப்பாடா, நான் இல்லை! அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

பஸ்ஸில் வீட்டுக்காரர் என் காதோரம் குனிந்தார். "லயத்துல வாயத் தொறக்காத. தோட்டத்துத் தொரைக்குத் தெரிஞ்சா அண்ணனுக்கு வேல போயிரும். ஒனக்குத்தான் ஏற்கனவே பேரு கெட்டாச்சே."

தோட்டம் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

புது ஸ்டட் போட்டு வண்டி நிமிர்ந்ததும், மறுபடி ஓடும் முன் தீட்டுப் போகக் கழிப்பு கழிக்க வேண்டும் என்றார் கோயில் பூசாரி. நான் எல்லார் முன்னாலும் சக்கரத்துக்குக் கற்பூரம் காட்டி விழுந்து, தப்புக் கேட்க வேண்டுமாம். தட்டை என் கையில் திணித்தார்கள். அப்போதுதான் வந்தது கோபம்.

"நான் எதுக்கு விழணும்? பெயிண்டாலதான் நட்டு லூசாகி ஸ்டட் முறிஞ்சிச்சுன்னு கடை நானா சொன்னாரு. மாமாவக் கேளுங்க!"

மாமா கந்தைத் துணியால் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பூசாரி என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீயும் கூடத்தானே போன? சொல்லு."

"கடைக்குள்ள நான் போகலைங்க," என்றார் அவர். "வெளிய நின்னேன். இவளுக்குத்தான் என்னமோ காதுல விழுந்துச்சாம்."

வெளியே நின்றது நான்.

"அடிப்பாவி, மாமன் தலையிலயே பழியப் போடுறாளே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். கற்பூரம் காட்டி, சக்கரத்தின் முன்னால் விழுந்து, சாமியிடம் தப்புக் கேட்டேன். எழ முடியாமல் தடுமாறியபோது வீட்டுக்காரர் கை நீட்டினார். தாலி கட்டிய கைதான். அத்தனை பேர் பார்க்க அதைப் பிடித்து எழ எனக்கு வெட்கமாக இருந்தது.