சூசைமாணிக்கம் ஐயா எழுந்து கேட்காமல் போன கேள்வி

சூசைமாணிக்கம் ஐயா இறந்துவிட்ட செய்தியை எங்களுக்குக் கொண்டு வந்தது ஹட்டன் பஸ். நோட்டன் பிரிட்ஜ் சந்தியில் நானும் அம்மாவும் வழமை போல மீன் பாத்திரத்தோடு நின்றிருந்தோம். மழை தூறிக்கொண்டிருந்தது. பஸ் முழுதாக நிற்கும் முன்பே கண்டக்டர் மிதிபலகையில் நின்று சத்தம் போட்டார்.

“அக்கா, ஒங்க கேள்வி எம்.பி செத்துப் போயிட்டாருங்க! காலையில ஆஸ்பத்திரியிலயாம். ஹட்டன் டவுன்ல கறுப்புக் கொடி கட்டுறாங்க.”

அம்மா ஒரு பெண்ணுக்கு மீன் நிறுத்துக்கொண்டிருந்தாள். தராசைக் கீழே வைத்துவிட்டாள். வாங்க வந்தவள், “அக்கா, மீனக் குடுங்க, நனையுறேன்” என்றாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“அப்ப ஒன் கேள்வி?” என்றாள்.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு ஐயாவை என்னைவிட நெடுங்காலம் தெரியும். அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் இருப்பீர்கள், போடாமல் விட்டவர்களும் இருப்பீர்கள். ‘கேள்வி எம்.பி’ என்ற பெயரை யாரும் மரியாதைக்காக வைக்கவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் கூரைத் தகரம் கொண்டுவந்தார்கள், கோயிலுக்கு ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தார்கள். இவர் பாராளுமன்றத்தில் எழுந்து கேள்வி கேட்டார். “கேள்வி கேட்டா லயத்துக்குத் தகரம் வருமா?” என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் சொல்லாதவர்கள் குறைவு. எனக்குத் தெரிந்தது கொஞ்சம். எனக்குப் பேச வராது, அதனால் எழுதுகிறேன்.

நான் அவரை முதலில் பார்த்தது டேம் கரையில். அப்பா அங்கே மீன் பிடித்துத்தான் எங்களுக்குச் சோறு போடுகிறார். அம்மாவும் அப்பாவும் மலையகத்தில் பிறந்தவர்கள். கலவரத்துக்குப் பயந்து அவர்களுடைய பெற்றோர் அவர்களைத் தூக்கிக்கொண்டு வன்னிக்குப் போனார்கள். பிறகு யுத்தத்துக்குப் பயந்து இவர்கள் படகேறி இந்தியாவுக்குப் போனார்கள். இராமநாதபுரம் பக்கத்து அகதி முகாம் ஒன்றில் நான் பிறந்தேன். அங்கே படகுகளில் கூலிக்குப் போய்த்தான் அப்பா வலை வீசப் பழகினார். நாங்கள் திரும்பி வந்து தோட்டம் கட்டிக் கொடுத்த வரிசை வீட்டில், பெரியப்பாவின் லயத்து அறையில் ஒதுங்கியபோது தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை கிடைக்கவில்லை. அவர் வலையோடு டேமுக்குப் போனார். வேலை நின்ற இன்னும் சிலர் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். ஒரு நாள் அதிகாரிகள் வந்து, மீன்பிடிச் சங்கத்தில் இல்லாதவர்கள் இங்கே பிடிக்கக் கூடாது என்று சொல்லி வலைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். சங்கத்தில் சேரச் சொந்த விலாசம் வேண்டும். லயத்து அறைக்கு அப்படி ஒரு விலாசம் கிடையாது.

அதைக் கேள்விப்பட்டு ஐயா வந்தார். பஸ்ஸில்தான் வந்தார். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு, குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கி நின்றார். அப்பாவோடு மீன் பிடிக்கும் கணேசன் மாமாவுக்கு வாய் சும்மா இருக்காது.

“ஐயா, இப்பிடிக் கேள்வி கேட்டுக் கேட்டு ஒங்களுக்கு வாய் வலிக்கலையா?”

“எனக்கு வாய் வலிச்சாப் பரவாயில்லடா. அவனுக்குக் காது வலிக்கணும்” என்றார் ஐயா. சிரிக்காமல்தான் சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கேள்வியை அவர் பாராளுமன்றத்தில் கேட்டபோது, “தேயிலைச் செடியிலா மீன் பிடிக்கிறார்கள்?” என்று யாரோ கேலி செய்தார்களாம். ஐயா சொன்ன பதிலைப் பெரியப்பா இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறார். “அந்தத் தண்ணீருக்கு அடியில் எங்கள் ஆட்கள் வைத்த தேயிலை கிடக்கிறது. கொழுந்து இருந்தபோது கொழுந்து பறித்தோம். நீங்கள் தண்ணீரை நிரப்பினீர்கள், இப்போது மீன் பிடிக்கிறோம்.” கொஞ்ச நாளில் வலைகள் திரும்பி வந்தன. சங்கத்தில் இன்னும் யாரையும் சேர்க்கவில்லை.

அன்று கரையில் அவர் என்னையும் பார்த்துவிட்டார். நான் அம்மாவின் பின்னால் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.

“இன்னைக்கி ஸ்கூல் இல்லையா பாப்பா?”

அம்மாதான் சொன்னாள். “அவ நின்னுட்டாங்க ஐயா.”

“ஏன், படிப்பு ஏறலையா?”

“படிப்பெல்லாம் ஏறுச்சுங்க. பேப்பர்தான் ஏறல.”

சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பிறப்புப் பத்திரம் வேண்டும். என்னுடையது இந்திய ஆஸ்பத்திரியில் எழுதியது. நான் இந்த நாட்டுப் பிள்ளை என்று கொழும்பில் வேறொரு பத்திரம் எடுக்க வேண்டும் என்றார்கள். அங்கே போனால் இந்தியாவிலிருந்து இன்னொன்று வர வேண்டும் என்றார்கள். எங்கள் பிரின்சிபல் நல்லவர். “நான் ஒன்ன வகுப்புல ஒக்கார வைக்கலாம் மகள், பரீட்சையில ஒக்கார வைக்க முடியாது” என்று சொன்னார். என்னோடு படித்தவர்கள் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நான் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐயா எங்கள் லயத்துக்கு வந்து, கட்டிலில் உட்கார்ந்து, இதையெல்லாம் முழுதாகக் கேட்டார். திரும்பி வந்த மற்றக் குடும்பங்களைப் பற்றியும் கேட்டார். பிறகு, “இத நான் சபையில கேக்குறேன். புள்ள பேரச் சொல்லலாமா?” என்றார்.

அம்மா பதறிவிட்டாள். “பேரு வேணாங்க ஐயா. என்ன வேணும்னாலும் சொல்லுங்க, பேரு மட்டும் வேணாம்.”

முகாமில் இருந்தவர்களுக்கு இது புரியும். அங்கே ஆட்களை எண்ணும் செக்கிங் நாளில் வரிசையில் நிற்போம். கூப்பிட்டால் கையை உயர்த்த வேண்டும், அவ்வளவுதான். மற்ற நாட்களில் யாருடைய பெயரையாவது ஓர் அதிகாரி கேட்டால் அந்த வீட்டில் அன்று அடுப்பு எரியாது. அப்படிப் பெயர் கேட்டு அழைத்துப் போகப்பட்டவர்கள் திரும்பி வருவார்கள் என்பது நிச்சயமில்லை. அதனால் நடக்கப் பழகுகிற பிள்ளைக்குக்கூட, கேட்டால் பெயர் சொல்லாதே என்றுதான் சொல்லிக் கொடுப்பார்கள். நானும் அப்படித்தான் வளர்ந்தேன். கடைக்காரர் பெயர் கேட்டால்கூட அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன்.

ஐயா வற்புறுத்தவில்லை. “பேரில்லாத கேள்விக்குப் பேரில்லாத பதில்தான்மா வரும். இருந்தாலும் கேக்குறேன்” என்று எழுந்து போனார்.

அவர் கேட்ட அன்று சந்திக் கடையில் போனில் பார்த்தோம். கடை நிறைய ஆட்கள். ஐயா தமிழில்தான் பேசினார். மற்றவர்கள் காதில் கருவியை மாட்டிக்கொள்ளும்வரை வாயைத் திறக்காமல் நின்றார். முகாமில் பிறந்து திரும்பி வந்த பிள்ளைகள் பரீட்சை எழுத முடியாமல் இருப்பதை அரசாங்கம் அறியுமா என்று கேட்டார். அறியும் என்றோ அறியாது என்றோ பதில் இல்லை. “அப்படி ஒரு முறைப்பாடும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கௌரவ உறுப்பினர் ஒரேயொரு பிள்ளையின் பெயரையாவது சொல்வாரானால் கவனிக்கலாம்” என்றார் அமைச்சர்.

ஐயா நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. சபையில் யாரோ சிரித்தார்கள். அவர் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

கடையிலும் சிரித்தார்கள். “பாத்தியா, நம்ம கேள்வி எம்.பிக்கே ஒரு கேள்வி! பதிலக் காணோம்” என்று ஒருவர் தொடையில் தட்டினார். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ஐயாவுக்கு என் பெயர் தெரியும் என்பது எங்களுக்குத் தெரியும். லயத்தில் தேத்தண்ணி கொண்டு வரச் சொல்லி அம்மா என்னைக் கூப்பிட்டபோது அவர் பக்கத்தில்தான் இருந்தார்.

அடுத்த முறை வந்தபோது அவருடைய கால்கள் வீங்கியிருந்தன. எங்கள் படியில் ஏற அப்பா கை கொடுத்தார். சேர்ட்டின் கழுத்து அவருக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. அம்மா அழுதுகொண்டே கேட்டாள்.

“அவ பேருதான் ஒங்களுக்குத் தெரியுமேங்க ஐயா. அத்தன பேரு சிரிக்கிறப்ப ஏன் சொல்லாம நின்னீங்க?”

“தெரிஞ்ச பேரு வேற, குடுத்த பேரு வேறம்மா. நீங்க குடுக்கல.”

அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருந்தேன். வெளியே வந்தேன். அவரிடம் அதுவரை நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. முதன்முதலாகப் பேசியது என் பெயரைத்தான்.

ஐயா பாராட்டவில்லை, தலையைத் தடவவில்லை. “இன்னொரு வாட்டி சொல்லு. சத்தமா. அங்க அத்தன பேருக்குக் கேக்கணும்” என்றார்.

மறுபடியும் சொன்னேன். அடுத்த அறையிலிருந்து பெரியம்மா எட்டிப் பார்க்குமளவுக்குக் கேட்டது. “ம். இப்பக் கேக்குறேன்” என்று குடையை ஊன்றி எழுந்தார். அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்துவிட்டதாகவும் அடுத்த அமர்வில் வரும் என்றும் சொல்லி அனுப்பினார். அந்த அமர்வுக்கு முன்பே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள்.

ஹட்டனில் அடக்கத்துக்கு நாங்கள் மூவரும் போனோம். மேடை போட்டு நிறையப் பேர் பேசினார்கள். அவர் கொண்டு வராத வீதிகளை எல்லாம் அவர் கொண்டு வந்ததாகச் சொன்னார்கள். அவர் கேட்ட ஒரு கேள்வியையாவது யாரும் சொல்லவில்லை. கணேசன் மாமா என் பக்கத்தில் நின்று, “ஐயா பொட்டிக்குள்ள இருந்து எந்திரிச்சு இவனுங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டுப் படுத்தா நல்லாருக்கும்” என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஐயாவின் அலுவலகத்தில் வேலை செய்த ரீட்டா அக்காவிடம் அப்பா என் கேள்வியைப் பற்றி விசாரித்தார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“சபையில நம்பரக் கூப்பிட்டதும் கேள்வி குடுத்தவரு எந்திரிச்சு ‘கேட்கிறேன்’னு சொல்லணும் அண்ணன். இனி அந்த நம்பரே வராதுங்க. ஆளு போயிட்டா கேள்வியும் போயிரும். வேற ஒருத்தர் மொதல்ல இருந்து குடுக்கணும்.”

“வேற யாரு குடுப்பாங்க?”

ரீட்டா அக்கா மேடையைப் பார்த்தார்.

இந்த வருடப் பரீட்சைக்கு விண்ணப்பம் முடிந்துவிட்டது. என்னைப் போலத் திரும்பி வந்தவர்கள் இந்த மலையில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாமாரும் பெயர் சொல்ல வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஐயா யாருக்கு என்ன விட்டுப் போனார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவருடைய ஒரு வார்த்தை இருக்கிறது. இந்தப் பத்திரிகைக்கு எழுத உட்கார்ந்தபோது, “பேரப் போடாம எழுதும்மா” என்று அப்பா சொன்னார். அம்மாதான், “போடட்டும். குடுத்த பேருதானே” என்றாள்.

நான் பிறந்தது அகதி முகாமில். இருப்பது நோட்டன் பிரிட்ஜில், ஒரு லயத்தில். நான் பரீட்சை எழுத வேண்டும். ஒரு பெயராவது சொல்லுங்கள் என்று கேட்டவர்களுக்கு ஐயா சொல்ல இருந்த பெயர், இராமையா தவமலர்.

இன்னொரு வாட்டி சொல்கிறேன் ஐயா.

இராமையா தவமலர்.