‘ம்ப’வைத் தன் இடத்தில் உட்காரவைத்த ஃபிதேலினா

ஃபிதேலினா ஒவேலாருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. காலையில் எங்கள் வானொலி நிலையத்துக்கு வந்ததும் ஜன்னல்களைத் திறப்பார். அடுத்து அறிவிப்பாளர் வென்செஸ்லாவோவைத் திட்டுவார். அதன் பிறகுதான் கணினியைப் போடுவார். மூன்றில் எது விட்டுப்போனாலும் அன்றைக்கு அவருக்குப் பொழுது விடிந்ததாகக் கணக்கில்லை.

பிறந்தது யதாய்தி கிராமத்தில். அங்கே வீட்டுக்கு வீடு சட்டையில் பூப்போடுவார்கள். இவருக்கு ஊசியைக் கண்டாலே ஆகாது. வில்யாரிக்கா நகரத்துக்கு ஓடிவந்து தட்டச்சு படித்தார். "ஊசின்னா விரல்ல குத்தும். டைப்ரைட்டர்னா சத்தம்தான் போடும், அதுகூட நான் போடுற சத்தத்துக்கு முன்னாடி எடுபடாது" என்பார். பத்திரப்பதிவு வழக்கறிஞர் ஒருவரிடம் பல வருஷம் இருந்தார். அவர் அலுவலகத்தை மூடியதும் எங்கள் நிலையத்துக்குச் செயலாளராக வந்து சேர்ந்து, எங்கள் எல்லோருக்கும் அக்கா ஆனார். நான் அங்கே ஒலிப்பதிவாளன்.

எங்களுடையது ஒரே அறைதான். ஒலிவாங்கி, வென்செஸ்லாவோ, என் இயந்திரங்கள், அக்காவின் மேசை எல்லாம் அதற்குள்ளேயே. ஒலிபரப்பு நடக்கும்போது பேச முடியாது என்பதால் அக்கா தம் திரையில் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து, வென்செஸ்லாவோவின் பக்கம் திருப்பிக் காட்டி, பிறகு அழித்துவிடுவார்.

காலை நிகழ்ச்சி ஒன்று இருந்தது. கேட்பவர்கள் தொலைபேசியில் வந்து எங்கள் தாய்மொழியான குவரானியில் வார்த்தை ஒன்றைச் சொல்வார்கள். வசவு, மீன் பெயர், மழையின் வகை, மாமியாரைப் பற்றிய கிண்டல் எதுவானாலும் சரி. அக்கா அதைக் கணினியின் வேர்ட் மென்பொருளில் ஓர் அட்டவணையில் ஏற்றுவார்: முதல் பத்தியில் வார்த்தை, அடுத்ததில் ஸ்பானிஷ் பொருள், கடைசியில் சொன்னவர் பெயர். அட்டவணை புடலங்காய்போல நீண்டுகொண்டே போயிற்று. ஊரின் ஆண்டுவிழாவுக்கு அதைப் புத்தகமாகப் போடலாம் என்று நகராட்சி சொன்னதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

தலைவலியும் அன்றே ஆரம்பித்தது. அட்டவணையை அகரவரிசையில் அடுக்கச் சொன்னால் வேர்ட் ஸ்பானிஷ் முறையில்தான் அடுக்கியது. குவரானியில் ‘ம்ப’ தனி எழுத்து. ‘ம’வில் தொடங்கும் கூட்டமெல்லாம் போன பிறகு அது வரவேண்டும். ‘ந்த’வும் அப்படித்தான். மூக்கால் சொல்லும் ‘அ’, சாதாரண ‘அ’ முடிந்தபின் வரவேண்டும். வேர்டுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ‘ம்ப’வை ‘ம’வின் நடுவில் திணித்து வைத்தது. அக்கா ஒவ்வொரு வரியாக வெட்டி, ஒட்டி, சரிசெய்வார். மறுநாள் புது வார்த்தைகள் வரும். மறுபடி வெட்டு, ஒட்டு.

"அக்கா, நீ தையலை விட்டு ஓடிவந்தே. இப்ப என்ன பண்றே பாரு, ஒட்டுப்போடுறே" என்றான் வென்செஸ்லாவோ.

"உன் வாயையும் சேர்த்து ஒட்டிடுவேன், போடா."

ஒருநாள் பட்டியலில் எதையோ தேடப்போய் வேறெதையோ அழுத்திவிட்டார். சுட்டியின் அம்பு நுனியில் குட்டி கேசட் படம் ஒன்று முளைத்தது. அக்கா நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"தம்பி, இங்க வா! யாரோ நம்மளைப் பதிவு பண்றாங்க!"

எட்டிப் பார்த்தேன். கேசட் என்றால் என் துறையல்லவா? இருவரும் உதவிப் பக்கங்களைப் படித்துப் பார்த்தோம். மேக்ரோவாம். நாம் செய்வதை ஒருமுறை பதிவு செய்துகொண்டு, கேட்கும்போதெல்லாம் அப்படியே திரும்பச் செய்யுமாம்.

"அப்போ நான் ஒரு தடவை வேலை செஞ்சா போதும், மிச்சத்தை இது செய்யுமா?" அக்காவின் முகம் விளக்குப் போட்டதுபோல ஆனது. "இத்தனை வருஷம் எங்கடா இருந்தே, ராசா!" என்று திரையைத் தட்டிக்கொடுத்தார்.

ஒவ்வொரு வரியிலும் வார்த்தையைப் புதிதாக ஒரு பத்தியில் நகலெடுப்பதுதான் முதல் மேக்ரோ. அக்கா பதிவு செய்துகொண்டிருந்தபோது ஒலிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. வென்செஸ்லாவோ வாயைப் பிளந்தான். பழக்கதோஷத்தில் அக்கா திரையில் ஒரு வரி தட்டிக் காட்டினார், அழிக்க மறந்துவிட்டார். கேசட் அதையும் விழுங்கிக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை. பிறகு மொத்த அட்டவணைக்கும் அதை ஓட்டி, ஒரு தாளை அச்செடுத்து வென்செஸ்லாவோ முன் வைத்தோம். கையில் கொடுத்த எதையும் வாசிக்கிற ஆள் அவன்.

"இன்றைய முதல் வார்த்தை, அவா. பொருள், மனிதன். வென்ஸே கொட்டாவி விடாதே, மைக் கேக்குது. இரண்டாவது வார்த்தை, அய்வு. பொருள், இரைச்சல். வென்ஸே கொட்டாவி விடாதே..."

மூன்றாவதில்தான் நிறுத்தினான். அக்கா மேசைக்கடியில் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். நான் அவசரமாகப் பாட்டுப் போட்டேன். ரொம்ப நாளைக்குச் சந்தையில் அவனைப் பார்த்தவர்கள் வணக்கம் சொல்லவில்லை, கொட்டாவி விடாதே என்றுதான் சொன்னார்கள்.

அக்கா விடவில்லை. எழுத்து ஒவ்வொன்றுக்கும் இரட்டை இலக்க எண் ஒன்றைக் கொடுத்தார். புதுப் பத்தியில் எழுத்துகளை அந்த எண்களாக மாற்றி, எண்களை வைத்து அடுக்கி, கடைசியில் அந்தப் பத்தியைத் தூக்கிவிடுவது என்று திட்டம். ஓட்டிப் பார்த்தால், குட்டி வார்த்தைகளெல்லாம் முன்னால், நீளமானவை பின்னால். பள்ளிக்கூடத்தில் உயரப்படி நிறுத்தியதுபோல இருந்தது. வேர்ட் அவற்றை நிஜ எண்களாக நினைத்துச் சிறியது பெரியது பார்த்திருக்கிறது. எழுத்தாகவே எடுத்துக்கொள் என்று மாற்றினோம். அப்போதும் ‘ம்ப’ அடம்பிடித்தது. பாதிச் சீப்பா ரொட்டியை வாயில் வைத்தபடி அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, நான் ஒரு மண்டு! ‘ம’வை முதல்ல மாத்திட்டா, அப்புறம் ‘ம்ப’ எங்க இருக்கும்? அதை உடைச்சாச்சே! ஜோடியா இருக்கறவங்களை முதல்ல அனுப்பணும், தனி ஆளுங்க பின்னாடி வரட்டும்."

இரட்டை எழுத்துகளை முதலில் மாற்றி மறுபடி ஓட்டினார். வரிகள் சிலிர்த்துக்கொண்டதுபோல ஓர் அசைவு. மிம்பா, அதாவது வளர்ப்பு மிருகம், ‘ம’வின் கடைசியில் நின்றது. அதற்கடுத்து ம்பாஎ, சாமான் என்று அர்த்தம். அதன் பின்னால் ம்பெஜூ, நாங்கள் காலையில் தின்னும் மாவு ரொட்டி. அக்கா எழுந்து என்னைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். வென்செஸ்லாவோ செய்தி வாசித்துக்கொண்டே கைதட்டினான்.

ஆனால் ஊரில் எதுவும் சண்டையில்லாமல் நடக்காது. நூலகர் எர்மினியா சாமுதியோ இந்த வரிசை வேண்டாம் என்றார். அவரும் அக்காவும் தட்டச்சு வகுப்பில் பக்கத்து மேசை. சண்டையைத் தீர்க்க நகராட்சி ஒரு சனிக்கிழமை காலை நூலகக் கூடத்தில் எல்லோரையும் கூட்டியது. சுவரில் படம் காட்டும் கருவியை வைத்தார்கள். கூடம் நிரம்பி, ஜன்னலிலும் தலைகள்.

"ஃபிதே, நான் சொல்றதைக் கேளு. பிள்ளைங்க ஸ்பானிஷ் வரிசையில தேடித்தான் பழகியிருக்கு. தேடினது கிடைக்கலன்னா மூடி வச்சிட்டுப் போயிடும். தினமும் நான் பாக்கறேன்டி" என்றார் எர்மினியா.

"எர்மி, ஸ்கூல்ல குவரானி பேசினேன்னு என்னை மூலையில நிக்க வச்சாங்க. இப்ப நம்ம எழுத்தை நம்ம புத்தகத்துலயே மூலையில நிக்க வைக்கச் சொல்றியா?"

எர்மினியாவும் அதே பள்ளியில் அதே மூலையில் நின்றவர்தான்.

அக்கா கணினிப் பக்கம் திரும்பினார். மேல்பட்டையில் இரண்டு பொத்தான்கள் செய்து வைத்திருந்தார், குவரானி வரிசைக்கு ஒன்று, ஸ்பானிஷ் வரிசைக்கு ஒன்று. "சண்டை வேணாம். பாத்துட்டு முடிவு பண்ணுங்க. யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்க!"

"ம்போப்பி!" என்றார் பின்னாலிருந்து ஐஸ் விற்கிறவர். வௌவால் என்று பொருள். அக்கா அட்டவணையின் அடியில் அதைத் தட்டினார். வென்செஸ்லாவோவுக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான்.

"ம்போப்பி ஆட்டத்துல இறங்கிட்டாரு! அக்கா பொத்தானை அழுத்துறாங்க! ‘ய’வைத் தாண்டிட்டாரு, ‘த’வைத் தாண்டிட்டாரு, ‘ந’வும் போச்சு, ம்பெஜூ தள்ளி நின்னு இடம் குடுக்குறாரு... கோ...ல்!"

கூடம் அதிர்ந்தது. அப்புறம் யாரையும் அடக்க முடியவில்லை. ஆளுக்கொரு வார்த்தை. பாதிரியார் எழுந்து சொன்ன வசவுக்குத்தான் அதிகக் கைதட்டல். அது எங்கிருந்து அவர் காதில் விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் பொத்தான், ஓட்டம், கோல்.

நடுவில் எர்மினியா எழுந்து நின்றார். கூடம் அடங்கியது.

"ஃபிதே, ரெண்டாவது பத்தியை வச்சு அடுக்க முடியுமா? பொருள் பக்கத்தை?"

"எதுக்குடி?"

"அடுக்கேன், சொல்றேன்."

அக்கா அடுக்கினார். ஸ்பானிஷ் வார்த்தைகள் தம் வரிசையில் நின்றன. பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் குவரானி. எர்மினியா சுவருக்கே போய் விரல் வைத்துக் காட்டினார்.

"இதைப் பின்பாதியில போடு. ஸ்பானிஷ் தெரிஞ்ச பிள்ளை இங்க தேடட்டும். முன்பாதி உன் வரிசை. ‘ம்ப’ அது இடத்துலயே உக்காரட்டும். ஒரு அட்டவணையில ரெண்டு அகராதி வச்சிருக்கே, தெரியாமலே இருந்திருக்கியே!"

அக்கா மேசையைச் சுற்றி ஓடிப்போய் எர்மினியாவைக் கட்டிக்கொண்டார். யாரோ ஹார்ப் வாத்தியம் கொண்டுவந்திருந்தார்கள். நாற்காலிகள் ஓரம் போயின. நூலகத்தில் சத்தம் போடக்கூடாது என்ற பலகையின் கீழேயே எர்மினியா போல்கா ஆடினார்.

புத்தகம் ஆண்டுவிழாவுக்கு வந்தது. முன்பாதி குவரானி, பின்பாதி ஸ்பானிஷ். நன்றாகப் போயிற்று. இப்போது பக்கத்து ஊர்களிலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்தபடி இருக்கிறது. பாட்டுக் குழுவின் பாடல் வரிசை, மூலிகைக்காரர்களின் செடிப் பெயர்கள், கால்பந்துச் சங்கத்தின் ஆட்டக்காரர் பெயர்கள் எல்லாவற்றுக்கும் பொத்தான் செய்து கொடுக்கிறார். போன வாரம் காஸாப்பாவில் ஆசிரியைகளுக்கு மேக்ரோ பதியச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் மரியாதையாக உயிரோடு ஒரு கோழியைக் கொடுத்தனுப்பினார்கள். பேருந்தில் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வழியெல்லாம் பக்கத்து இருக்கைக்காரரிடம் ‘ம்ப’வைப் பற்றிப் பேசிக்கொண்டு, நேராக நிலையத்துக்கே வந்து இறங்கினார்.

வென்செஸ்லாவோ ஒலிவாங்கியைக் கோழியின் மூக்கருகில் நீட்டினான். "நேயர்களே, காஸாப்பாவிலேருந்து வந்திருக்கிற சிறப்பு விருந்தினர் இப்போ பேசுவாங்க."

கோழி பேசியது. மாவட்டம் முழுக்கக் கேட்டது.